டேரிலின் பின்னல் வளரும்வரை

றோஸ்மேரி அன்ரி ஸ்ரீட்காரில், வீதியில் ஓடும் அந்த ட்ராமில், ஏறினால் நித்திரையாகிவிடுவார். இருக்கை கிடைத்தால் இருந்தபடி, கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்தபடி. ஆனால் இறங்கவேண்டிய தரிப்பு வரமுன்னரே கண் திறந்துவிடும். "அதெப்பிடி அன்ரி?" என்று ஒருநாள் கேட்டேன். "காலுக்குத் தெரியும் பிள்ளை. எனக்குத்தான் ஒண்டும் தெரியாது," என்றார்.

வெல்லஸ்லி வீதியில் அவர்களும் நாங்களும் ஒரே தொடர்மாடிக் கட்டடம். அவர்கள் ஒன்பதாம் மாடி, நாங்கள் பதினான்கு. அன்ரியின் ஊர் யாழ்ப்பாணத்து நாரந்தனை. தொண்ணூறாம் ஆண்டு கணவர் அருள்நாயகத்தோடும் இரண்டு பெடியன்களோடும் ரொறன்ரோவுக்கு வந்தவர். அங்கிளுக்கு பெற்றோல் நிலையத்தில் வேலை. அன்ரிக்கு இரண்டு வேலை. விடிய ஆறரையிலிருந்து மூன்றரை வரை சிறுவர் நிலையமொன்றில் சமையல். பின்னேரம் ஆறிலிருந்து பதினொன்று வரை கந்தோர்க் கட்டடங்களில் துப்புரவு. நடுவில் வீட்டுக்கு வந்து சோறும் இரண்டு கறியும். இந்த அட்டவணையில் நித்திரை எங்கே என்று கேட்டால் ஸ்ரீட்காரைத்தான் காட்டவேண்டும்.

நான் எழுத வந்தது அந்தச் சிறுவர் நிலையத்தைப் பற்றி. இல்லை, அங்கே அன்ரி செய்த ஒரு பிழையைப் பற்றி. அதை அவர் கடந்த விதத்தைப் பற்றி. "எழுது, ஆனா என்னை நல்லவளாக்காதை" என்று சொல்லித்தான் அனுமதி தந்தார். முயற்சி செய்கிறேன்.

அது இந்த நாட்டின் பூர்வகுடி மக்கள் தங்கள் பிள்ளைகளுக்காகத் தாங்களே நடத்தும் நிலையம். மூன்று வயதிலிருந்து ஐந்து வரை இருபத்திரண்டு பிள்ளைகள். தலைவி டொனாவும் ஆசிரியைகளும் அவர்களுடைய ஆட்கள். என்ன படிப்பிப்பது, என்ன சாப்பாடு என்று முடிவெடுப்பது தாய் தகப்பன்மார். காலையில் எல்லோரும் வட்டமாக நிற்க, ஒரு சிப்பிக்குள் சேஜ் என்ற வாசனை இலையை எரித்து அந்தப் புகையைக் கைகளால் அள்ளி முகத்திலும் தலையிலும் பூசிக்கொள்வார்கள். பிறகு மேளம். பிறகு ஒஜிப்வே மொழியில் எண்ணுவார்கள்: பேஷிக், நீஷ், நிஸ்வி. நகரத்தில் பிறந்த பிள்ளைகள். தாய்மார் பலருக்கே அந்த மொழி சரளமில்லை. பிள்ளைகளோடு சேர்ந்துதான் அவர்களும் படிக்கிறார்கள்.

அன்ரி அங்கே முதலில் துப்புரவுக்குப் போனவர். தொண்ணூற்றைந்தில் சமையற்காரி விலகியபோது, "சூப் வைப்பீர்களா?" என்று டொனா கேட்டாராம். வெள்ளைச் சோளத்து சூப். அன்ரி வைத்த முதலாவது சூப்பில் மிளகாய்த்தூள் கூடி, இருபத்திரண்டு பிள்ளைகளும் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றதாகக் கதை. அங்கிள் இன்றைக்கும் விடமாட்டார்.

"ஊரிலை கஞ்சி காய்ச்ச மாட்டன் எண்டு சண்டை பிடிச்சவள். இஞ்சை வந்து சோளக்கஞ்சி காய்ச்சுறாள்."

"அந்தக் கஞ்சியிலைதான் உங்கட கார் ஓடுது. பேசாமல் இருங்கோ."

கைகள் ஈரமாக இருந்தாலும் காலையில் அந்தப் புகை வரும்போது அன்ரி சமையலறை வாசலுக்கு வந்து நிற்பார். கொஞ்சம் அள்ளி நெற்றியில் தொட்டுக்கொள்வார். யாரும் கூப்பிட்டதில்லை, யாரும் வேண்டாமென்றதுமில்லை.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. 1997 பெப்ரவரி.

பிள்ளைகள் மத்தியானம் நித்திரை கொள்ளும் நேரம். டேரில் மட்டும் எழும்பிச் சமையலறைக்கு வந்து, கவிழ்த்துவைத்த வாளியில் இருந்தான். அவனுக்கு நாலு வயது. முதுகின் பாதிவரை ஒற்றைப் பின்னல், நுனியில் சிவப்பு ரப்பர் வளையம். அவன் அப்படி வந்து இருப்பதும், அன்ரி ஒரு கரட் துண்டு கொடுப்பதும் வழமை. ஆசிரியை ஒருவர் எட்டிப் பார்த்து, அன்ரியோடு இருக்கிறான் என்று விட்டுவிட்டுப் போனார். ஆண்பிள்ளைக்கு இவ்வளவு தலைமயிர் ஏன் என்று அன்ரி யாரையும் கேட்டதில்லை. தானே ஒரு பதில் வைத்திருந்தார்: தாய் ஏதோ நேர்த்தி வைத்திருக்கிறாள். அன்ரியின் மூத்தவன் றொய்சனுக்கும் மூன்று வயதுவரை முடி வளர்த்து மடுமாதா கோயிலில்தான் மொட்டை அடித்தார்கள்.

அந்தக் கிழமை நிலையத்தில் பேன். கதவில் கடிதம் ஒட்டியிருந்தது. அன்ரி வீட்டிலிருந்து பேன்சீப்பும் சின்னப் போத்தலில் தேங்காயெண்ணெயும் கொண்டு வந்திருந்தார். டேரில் பிடரியைச் சொறிந்து சொறிந்து இரத்தம் கசிந்திருந்தது.

"வா ராசா, இஞ்சை வா."

எண்ணெய் பூசினார். சீப்பு போகவில்லை. பின்னல் தொடங்கும் இடத்தில் முடியும் காய்ந்த இரத்தமும் சேர்ந்து ஒரே சிக்கு. இழுத்தால் பெடியன் கண்ணை இறுக்கி மூடுகிறான். முதல்நாள் துப்புரவு வேலைக்கு இரண்டுபேர் வராததால் அன்ரி படுத்தது மூன்று மணித்தியாலம். அடுப்பில் பானை கொதிக்கிறது. கீரை வெட்டும் கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது.

ஒரு வெட்டு. பின்னல் முழுசாகக் கையோடு வந்தது.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. எங்கள் வீடுகளில் தலை வாரி இழுக்கும்போது வரும் முடியை என்ன செய்வோம்? சுருட்டி, "தூ தூ" என்று மூன்றுமுறை துப்பித்தான் எறிவோம். காற்றில் பறக்கவிட்டால் பிள்ளைக்குக் கெடுதல் வரும் என்று துப்புவது, காவலுக்காகத் துப்புவது. அன்ரியின் கை யோசிக்காமல் அதைச் செய்தது. பின்னலை உருண்டையாகச் சுருட்டி, மூன்றுமுறை துப்பி, கரட் தோலும் முட்டைக்கோதும் கிடந்த குப்பைப் பைக்குள் போட்டார். பையைக் கட்டிப் பின் ஒழுங்கைக் குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்டு வந்தார்.

டேரில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அழவில்லை. பிடரியைத் தடவிப் பார்த்தான். பிறகு போய்த் தன் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டான். அப்பாடா, சொறிச்சல் அடங்கி நித்திரை கொள்ளப் போகிறான் என்று அன்ரி நினைத்தார்.

மூன்றரைக்கு டேரிலின் தாய் மார்லீன் வந்தார். ஆஸ்பத்திரித் துணிகள் வெளுக்கும் இடத்தில் வேலை. கைகள் எப்போதும் வெடித்திருக்கும். பேன் விஷயம் அவருக்குத் தெரியும். சனிக்கிழமை லீவில் இருந்து ஆறுதலாக எடுக்கிறேன் என்று டொனாவிடம் சொல்லியிருந்தார். அது சமையலறைவரை வரவில்லை.

மகனைக் கண்டதும் முழங்காலில் இருந்து, அவனைத் திருப்பி, வெட்டுப்பட்ட இடத்தில் உள்ளங்கையை வைத்தாராம். பிறகு சமையலறையைப் பார்த்து ஒரேயொரு கேள்வி: "என் மகனின் முடி எங்கே?"

அன்ரிக்கு ஆங்கிலம் குறைவு. ஆனால் அந்தக் கேள்வி விளங்கியது. அந்த முகமும் விளங்கியது. கோட்டுகூடப் போடாமல் பின்கதவால் ஓடினார். பனியில் உறைந்த தொட்டிக்குள் பாதி உடம்பை விட்டு ஒவ்வொரு பையாக அவிழ்த்தார். டொனா கோட்டோடு பின்னால் வந்து தோளில் போட, அது வழுக்கி விழுந்தது. அன்ரி அதைப் பார்க்கவுமில்லை. நாலாவது பைக்குள் சிவப்பு ரப்பர் தெரிந்தது.

கழுவுவதா, வேண்டாமா? அன்ரிக்குத் தெரியவில்லை. கழுவினால் அதுவும் பிழையோ? கோதும் தோலும் ஒட்டியிருந்த பின்னலை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டுபோய் நீட்டினார். மார்லீன் தன் கழுத்துச் சால்வையைக் கழற்றி அதற்குள் வாங்கி மூடிக்கொண்டு, மகனையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

புதன்கிழமை டேரில் வரவில்லை. வியாழனும் வரவில்லை.

வியாழன் பின்னேரம் அன்ரி எங்கள் கதவைத் தட்டினார். "நிரோ, நாளைக்குக் கூட்டமாம். நீ வந்து எனக்காகக் கதைக்கோணும்."

"வேலையாலை நிப்பாட்டப் போகினமே அன்ரி?"

"நிப்பாட்டினா நிப்பாட்டட்டும். இந்தச் சிட்டியிலை கூட்டுறதுக்கு எனக்குக் கட்டடம் கிடைக்காதே? அந்தப் பெடியன் பள்ளிக்கு வராமல் நிண்டிட்டான், பிள்ளை. ஆரோ ஒருத்தியின்ரை பிள்ளை என்னாலை நிண்டிட்டுது. அவன் திரும்பி வரோணும். அவ்வளவுதான்."

வெள்ளிக்கிழமை அன்ரி அகதி விசாரணைக்குப் போட்ட அதே நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். மேசையும் நீதிபதியும் இருக்கும் என்ற எண்ணம். அங்கே மேசையே இல்லை. பிள்ளைகளின் சின்னக் கதிரைகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். டொனா, இரண்டு ஆசிரியைகள், ஐந்தாறு பெற்றோர், நேரெதிரே மார்லீன். ஒரு கல்லைக் கைமாற்றினார்கள். கல் யாரிடம் இருக்கிறதோ அவர் பேசலாம். மற்றவர்கள் இடையில் வாய் திறக்கக்கூடாது.

மார்லீனிடம் கல் முதலில் போனது. நான் குனிந்து அன்ரியின் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"என் அம்மாவை ஆறு வயதில் அரசாங்கத்து ஆட்கள் வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள்," என்றார் மார்லீன். "கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதிப் பள்ளி. போன முதல் நாளே முடியை வெட்டினார்கள். பேன் என்று சொன்னார்கள். எங்கள் ஆட்கள் முடி வெட்டுவது செத்தவீட்டுக்கு. அம்மா, யார் செத்தது என்று கேட்டாராம். அடித்தார்களாம். அம்மா எனக்குப் பின்னிவிட்டதில்லை; அவவுக்குப் பின்னத் தெரியாது. நான் இங்கே வந்துதான், இந்த அறையில்தான், பின்னப் படித்தேன். டேரிலின் தலையில் படித்தேன். அந்தப் பின்னலில் ஒருநாள்கூடக் கத்தரிக்கோல் பட்டதில்லை."

மார்லீன் கல்லை மற்றக் கைக்கு மாற்றினார்.

"அவன் என்னைக் கேட்கிறான், சமைக்கிற அம்மா ஏன் என் முடியில் துப்பினவ என்று."

கல் அன்ரியின் கைக்கு வந்தது. நான் ஏற்கெனவே மனதுக்குள் ஒரு பேச்சையே தயாரித்து வைத்திருந்தேன்! எங்கள் கலாசாரத்தில் மொட்டை அடிப்பது புனிதம், துப்புவது காவல், இரண்டு இடம்பெயர்ந்த சமூகங்கள், இன்னும் என்னென்னவோ. வாயைத் திறந்துவிட்டேன். அன்ரி என் முழங்காலில் கையை வைத்து அமத்தினார்.

"சாட்டுச் சொல்லாதை. நான் சொல்லுறதை மட்டும் சொல்லு. தாயைக் கேக்காமல் நான் பிள்ளையிலை கை வைச்சன். அதைச் சொல்லு."

சொன்னேன்.

"துப்பினதும் உண்மை. எங்கட ஊரிலை பிள்ளையளுக்கு ஒண்டும் வரக்கூடாதெண்டு துப்புறது. ஆனா அவன் கண்டது துப்பினதை. அவனுக்கு அதுதான் உண்மை."

சொன்னேன்.

"எனக்குச் சரியான களைப்பு. பொறுமையா எடுத்திருந்தா அந்தச் சிக்கு வந்திருக்கும். அரை மணித்தியாலம். அந்த அரை மணித்தியாலம் என்னட்டை இருக்கேல்லை. அதுதான் வெட்டினனான். வேறை ஒண்டுமில்லை."

முறை இல்லாதபோது யாரும் பேசக்கூடாது. ஆனாலும் மார்லீன் கேட்டார்: "உங்களுக்கு யாராவது வெட்டியிருக்கிறார்களா?"

அன்ரி கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓம். நானும் சிஸ்டர்மாற்றை விடுதியிலைதான் படிச்சனான். பேன் வந்தா ஞாயிற்றுக்கிழமை வரிசையிலை நிக்கவிட்டுக் கழுத்தோடை வெட்டுவினம்."

"அழுதீர்களா?"

அன்ரி கல்லை மடியில் வைத்தார்.

"அழுதனான். பிறகு அது நல்லதுக்கெண்டு பழகிட்டன். இண்டைக்கு வரைக்கும் அதைத் திருப்பி யோசிக்க எனக்கு நேரம் வரேல்லை."

கல் வட்டத்தைச் சுற்றி வந்தது. ஒரு தகப்பன் வேறு சமையற்காரியைப் பார்க்கவேண்டும் என்றார். ஒரு ஆசிரியை, பிள்ளை சமையலறையில் இருந்ததைக் கண்டும் தான் விட்டுவிட்டு வந்ததும் பிழை என்று அழுதார். இரண்டு மணித்தியாலம். அன்ரி பின்னேர வேலைக்குப் பிந்திவிட்டார், அசையவில்லை. கடைசியில் டொனா மார்லீனிடம் கேட்டார்: "உனக்கு என்ன வேண்டும்?"

"இவவை அனுப்பவேண்டாம்," என்றார் மார்லீன். "எங்களுக்கு இதைச் செய்தவர்கள் எல்லோரும் செய்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒருவரும் நின்று பார்க்கவில்லை. டேரில் திங்கட்கிழமை வருவான். இவ இங்கேயே நிற்கட்டும். முடி திரும்பப் பின்னுகிற அளவுக்கு வளரும்வரை ஒவ்வொரு நாளும் பார்க்கட்டும்."

இதை நான் தமிழில் சொன்னபோது அன்ரி தலையை மட்டும் ஆட்டினார். பின்னேர வேலைக்குப் போக நின்ற ஸ்ரீட்கார்த் தரிப்பில்தான் சொன்னார். "நிப்பாட்டியிருந்தா லேசு, என்ன?"

திங்கட்கிழமை டேரில் வந்தான். வாளிப்பக்கம் போகவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அன்ரி கிட்ட வந்தால் தலையைப் பின்னால் சரித்து, பிடரியைக் கதிரையோடு ஒட்டிக்கொள்வான். அன்ரி அவன் கிண்ணத்தைத் தானே வைக்காமல் ஆசிரியையிடம் கொடுத்து வைப்பார். காலையில் புகை வரும்போது வாசலுக்கு வருவதையும் விட்டுவிட்டார். அந்த நேரம் பார்த்து ஏதாவது சட்டி தேய்ப்பார். நான் அந்தக் கூட்டத்துக்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் கல்லூரி தொடங்கமுன் அங்கே போய்ப் பால் ஊற்றிக் கொடுக்கத் தொடங்கியிருந்தேன். இதெல்லாம் கண்ணால் கண்டது.

மார்லீன் ஒவ்வொரு காலையும் மகனின் தலையைச் சமையலறை வாசலுக்கு நேரே, கோட்டுக் கொழுக்கிகளுக்குக் கீழே இருந்துதான் வாருவார். வேண்டுமென்றேதான். அன்ரியும் வேண்டுமென்றே கையிலுள்ளதை வைத்துவிட்டு நின்று பார்ப்பார். இருவரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். ஒரு மாதத்துக்கு முடி அரை அங்குலம் வளரும். நீங்கள் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்!

ஆவணியில் நீக்கிலாப்பிள்ளை அண்ணை வந்தார். அங்கிளின் ஒன்றுவிட்ட தமையன். பக்கத்து மார்க்கம் நகரில் பெட்டி அடைக்கிற ஃபக்டரியில் சூப்பர்வைசர்.

"றோஸ்மேரி, பகல் வேலை. ஃபக்டரி வான் வந்து ஏத்தி இறக்கும். ரெண்டு வேலையும் விட்டிட்டு வா. உந்தக் கண்ணைப் பார், கிடங்கு விழுந்து போச்சு."

"ஒரு வேலை, இரவிலை வீட்டிலை. யோசியப்பா," என்றார் அங்கிள். பகிடி விடாமல் அவர் கேட்டது அதுதான் முதல்தரம்.

"இப்ப வரேலாது அண்ணை."

"ஏன், அங்கை என்ன, தங்கத்திலையே சம்பளம்?"

"ஒரு பிள்ளைக்கு முடி வளரோணும்."

நீக்கிலாப்பிள்ளை அண்ணை அங்கிளைப் பார்த்தார். அங்கிள் முகட்டைப் பார்த்தார். "இவளுக்கு மூளையும் களைச்சுப் போச்சு," என்று அண்ணை எழும்பினார். அந்த வேலை வேறு யாருக்கோ போனது. அன்று துப்புரவு வேலைக்கு வெளிக்கிட்டபோது அன்ரி லிஃப்டில் நின்றபடியே நித்திரையாகிக் கீழ்த்தளம் வரைக்கும் போய், கதவு திறந்து மூடித் திரும்ப ஒன்பதாம் மாடிக்கே வந்துவிட்டார். கால்கூட ஏமாற்றிய நாள்.

குளிர்காலம் வந்தது. டேரிலுக்கு ஐந்து வயதானது. முடி காதை மூடியது, பிறகு கழுத்தைத் தொட்டது. மார்கழியில் ஒருநாள் அவன் தானாகவே கிண்ணத்தை அன்ரியிடம் நீட்டி, இன்னும் சூப் வேண்டும் என்றான். பிடரியைக் கதிரையில் ஒட்டாமல். அன்ரி அகப்பையை இரண்டுமுறை தவறவிட்டார்.

1998 மார்ச், ஒரு வெள்ளிக்கிழமை. நான் பால் ஊற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே வட்டம் கூடத் தொடங்கிவிட்டது, சேஜ் மணம் வந்தது. கொழுக்கிகளுக்குக் கீழே மார்லீன் மகனின் முடியை மூன்றாகப் பிரித்தார். ஒரு முறுக்கு, இரண்டு முறுக்கு. கட்டை முடி, வழுக்கி வழுக்கி அவிழ்ந்தது. வெடித்த விரல்களில் வேறு முடி சிக்கியது. மூன்றாம் தரமும் அவிழ்ந்தபோது அவர் நிமிர்ந்தார்.

"றோஸ், வாருங்கள். நுனியைப் பிடியுங்கள். நான் ரப்பர் போடவேண்டும்."

அன்ரி அசையவில்லை. தன்னைத்தான் கூப்பிட்டதென்று விளங்கியும் அசையவில்லை. பிறகு கையைத் துடைத்தார். ஏப்ரனில் ஒருமுறை, துவாயில் ஒருமுறை, திரும்ப ஏப்ரனில். போய் முழங்காலில் இருந்து, இரண்டு விரலால் அந்த நுனியைப் பிடித்தார். எலிவால் அளவு. பின்னலாய் நின்றது நாலு அங்குலம் வராது. அதே சிவப்பு ரப்பரோ வேறோ, எனக்குத் தெரியாது, சிவப்புத்தான்.

டேரில் திரும்பாமலே, பெரிய மனிசன்போலச் சொன்னான்: "துப்பக்கூடாது."

மார்லீன் சிரித்துவிட்டார். பதின்மூன்று மாதத்தில் அந்தச் சமையலறைப் பக்கம் பார்த்து அவர் சிரித்தது அன்றைக்குத்தான். நான் தமிழில் சொல்லவேண்டிய தேவையே இல்லாமல் அன்ரிக்கும் விளங்கியது. அவர் சிரிக்க வெளிக்கிட்டு, அது பாதியில் அழுகையாகி, நுனியை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பால் மேசையெல்லாம் ஊற்றுப்பட்டுவிட்டது, அதை விடுங்கள்.

ரப்பர் ஏறியது. டேரில் தலையை ஆட்டிப் பார்த்துவிட்டு வட்டத்துக்கு ஓடினான். மார்லீன் எழும்பி, வேலைக்கு நேரமாகிவிட்டது என்றார். வாசலில் நின்று, "திங்கட்கிழமையும் பிடிக்கவேண்டி வரும்," என்றார். போய்விட்டார். மன்னிப்பு என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை.

அப்போதுதான் மணம் வந்தது. சேஜ் மணமல்ல.

"ஐயோ, சூப்!"

அன்று நானும் கல்லூரிக்குப் போகாமல் நின்று சட்டி கழுவிக் கொடுத்துவிட்டு, பின்னேரம் அன்ரியோடுதான் வந்தேன். ஸ்ரீட்காரில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கால்களை நீட்டமுடியாமல் மடக்கி இருந்தார்; சப்பாத்துக்கு மேலே பாதம் வீங்கியிருந்தது.

"நீக்கிலாப்பிள்ளை அண்ணையைக் கேட்டுப் பாப்பமே அன்ரி? இப்ப நீங்கள் போகலாம்தானே."

"திங்கக்கிழமை பிடிக்கோணுமெண்டெல்லே சொன்னவ." கண் ஏற்கெனவே பாதி மூடிவிட்டது. "சூப் அடிப்பிடிச்சுப் போச்சு, பிள்ளை. கண்டனியே? பிள்ளையள் ஒண்டும் சொல்லாமல் குடிச்சுதுகள்."

நித்திரையாகிவிட்டார். தரிப்புக்கு முன்னால் கண் திறக்கும் என்று நானும் பேசாமல் இருந்தேன். அன்று திறக்கவில்லை. கையைத் தொட்டு எழுப்பினேன்.